ஏலத்தரியும் எலெட்டாரியாவும்

உயிரியற் பெயர்கள் யாவும் இலத்தீன் பெயர்கள் என்பது பள்ளிப் பாடநூல் தொட்டுக் கலைச்சொல் அகராதி வரை வழங்கிவரும் கூற்று. இக்கூற்றை அடிப்படையாகக் கொண்டே தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் இரு கட்சிகள் எழுந்தன. அப்பெயர்களை ஒலிபெயர்த்து அவ்வாறே ஆளலாம் என்பது ஒன்று. பொருளறிந்து மொழிபெயர்த்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் தம்முள் மாறுபடினும், பெயர் முற்றிலும் அயலது என்ற எண்ணத்தில் ஒன்றுபட்டே நிற்கின்றன. அவ்வெண்ணம் எல்லாப் பெயர்க்கும் பொருந்துமா என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. ஏலச்செடியின் அறிவியற் பெயராகிய எலெட்டாரியா கார்டமோமம் என்பதை எடுத்துக்கொண்டு நோக்கின், இலத்தீன் என்ற சொல் உயிரியற் பெயரிடலில் என்ன பொருளில் வழங்குகிறது என்பதும், தமிழில் அப்பெயரை எழுதும் முறை எங்கே பிழைபடுகிறது என்பதும் தெளிவாகும்.

ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுங்காட்டு நிழலில் இயல்பாக வளர்வது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு, உடும்பஞ்சோலை, தேவிகுளம் ஆகிய மலைவட்டங்கள் அதன் தாயகத்துள் அடங்கும். பீர்மேடு வட்டத்தின் குமுளி தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கை நோக்கியுள்ள எல்லையூர். பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் சீப்புகளில் மலையேறி ஏலக்காட்டில் வேலை செய்து மாலையில் இறங்குவோர் தமிழர். மலையிலேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளருள்ளும் பெரும்பகுதியினர் தமிழர். 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளமும் பீர்மேடும் எந்த மாநிலத்தைச் சேர்வது என்பது பெரும் வழக்காக இருந்து, அவை கேரளத்தோடு நின்றன. இன்றும் அப்பகுதியில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. ஆகவே இவ்வட்டத்தில் ஒரு செடியின் பெயர் தமிழோ மலையாளமோ என்ற வினா அத்துணை எளிதன்று. பீர்மேடு என்ற ஊர்ப்பெயரே அதற்குச் சான்று. தக்கலைச் சூஃபி ஞானி பீர்முகம்மது இம்மலையில் தங்கினார் என்னும் வாய்மொழி மரபை ஏற்பின், அப்பெயரின் முற்பாதி பாரசீகம், பிற்பாதி மேடு. வேற்றுமொழிச் சொற்கள் இரண்டு ஒட்டி நிற்பதை அம்மலை மக்கள் குறையாகக் கருதியதில்லை.

எலெட்டாரியா என்ற பேரினப் பெயரின் வரலாறு ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் நூலில் தொடங்குகிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் ஆட்சித்தலைவராகக் கொச்சியில் இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு தொகுப்பித்த இந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் மலையாள மருத்துவரும், இரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்னும் மூவரும் செடிகளின் பெயரையும் பயனையும் கூறி உதவினர். இட்டி அச்சுதன் கோலெழுத்தில் எழுதிய சான்றுரை முதல் தொகுதியிலேயே அச்சேறியிருத்தல் அந்நூலின் சிறப்புகளுள் ஒன்று. இலத்தீன் உரையுடைய நூலாயினும் செடிகளுக்குத் தலைப்பாக அமைந்தவை பெரும்பாலும் மலையாளப் பெயர்களே. வான் ரீடு இறந்த பின் 1692இல் வெளிவந்த பதினோராம் தொகுதியில் ஏலம் எலெட்டாரி என்ற தலைப்பில் இடம்பெற்றது.

எலெட்டாரி என்பது ஏலத்தரி. இதில் ஐயமில்லை. ஐயம் அச்சொல்லைப் பிரிக்கும் முறையில்தான் எழுகிறது. ஏலம் என்பதோடு அரி என்பது புணர்ந்ததாகக் கொள்ளலாம். ஏலம் என்பதோடு தரி என்பது புணர்ந்ததாகவும் கொள்ளலாம். மலையாளத்தில் அரி என்பது அரிசி. தரி என்பது மணி, துணுக்கு. புணர்ச்சி விதி இரண்டிற்கும் இடந்தருகிறது. மகர ஈற்றுப் பெயர் வல்லெழுத்தின் முன் மகரம் கெட்டு வல்லெழுத்து மிகும். ஏலக்காய் என்பதும், பீர்மேடு வட்டத்து ஊராகிய ஏலப்பாறை என்பதும் அவ்வாறு அமைந்தவை. ஆகவே ஏலம், தரி என்பன ஏலத்தரி ஆதல் இயல்பு. உயிரெழுத்தின் முன்னோ, மகர ஈற்றுப் பெயர் அத்துச் சாரியை பெறுதல் வழக்கு. மரம், அடி என்பன மரத்தடி ஆவது போல ஏலம், அரி என்பனவும் ஏலத்தரி ஆகும்.

இரண்டனுள் எது கொள்ளத்தக்கது என்பதை ஒலியமைதி கொண்டு முடிவு செய்ய இயலாது; வழக்கு கொண்டே முடிவு செய்தல் வேண்டும். தமிழ் மருத்துவ நூல்களில் விதையை அரிசி என்று வழங்கும் மரபு வேரூன்றியது. கார்போகரிசி, வெட்பாலையரிசி, வாலுளுவையரிசி என்பன நெல்லரிசியோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாதவை. அவ்வச் செடியின் விதைகளே அப்பெயர் பெற்றன. மூங்கிலின் விதை மூங்கிலரிசி. இவ்வரிசையில் ஏலத்தின் விதை ஏலரிசி, ஏலவரிசி என வழங்குகிறது. உமி போன்ற தோலை நீக்கியபின் உள்ளே கிடைக்கும் உண்ணத்தகு மணி அரிசி என்ற கருத்தே இதற்கு அடிப்படை எனலாம். ஏலக்காயை உரித்தவர்க்கு இவ்வுவமை விளக்க வேண்டுவதன்று. கன்னடத்தின் ஏலக்கி என்பதை ஏலம், அக்கி எனப் பிரிப்பதும் உண்டு. அக்கி அம்மொழியில் அரிசி. அப்பிரிப்பு உறுதிப்படின் இக்கருத்துக்கு மேலும் வலுச் சேரும். காய் என்பதன் குறுக்கமாகவும் அவ்வீற்றைக் கொள்ள இடமிருத்தலின் அதனை முதற்சான்றாக வைத்தல் ஆகாது. தமிழ் மருத்துவ வழக்கு ஒன்றே ஏலம், அரி என்ற பிரிப்பை நிலைநிறுத்தப் போதுமானது.

இம்முடிபின் விளைவு சுவையானது. எலெட்டாரியா என்ற அறிவியற் பெயரை உரோமன் எழுத்தில் எழுதுவோர் நடுவே டி என்னும் எழுத்தை இரட்டித்து எழுதுகின்றனர். அவ்விரட்டை எழுத்து தொல்காப்பியர் சாரியைகளுள் ஒன்றாக எண்ணிய அத்து என்பதன் எச்சம். ஐரோப்பியத் தாவரவியலார் எவரும் அறியாமலேயே ஒரு திராவிடச் சாரியை இலத்தீன் பெயரொன்றனுள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தங்கியுள்ளது.

இதனைக் கொண்டு எலெட்டாரியா தமிழ்ச்சொல் என்று முழங்குவது முறையன்று. வான் ரீடு பதிந்தது மலையாள வழக்கு. தமிழில் அரி என்பது அரிசி என்னும் பொருளில் பழைய சொல்லேயாயினும் இன்றைய பேச்சில் அரிசி என்பதே ஆட்சி பெற்றது. அரி என்று நிற்பது மலையாளத்தின் சாயல். மகர ஈற்றின் முன் அத்துப் பெறுதலோ இரு மொழிக்கும் பொது உடைமை. பீர்மேட்டு ஏலக்காட்டில் இவ்விரு மொழியும் ஒரே வரிசையில் நின்று காயெடுப்பவை. அங்கே பிறந்த பெயரை ஒரு மொழிக்கு மட்டும் எழுதிக்கொடுக்க வேண்டுவதில்லை.

பொருள் நோக்கிலும் இப்பெயர் ஆராயத்தக்கது. ஏலக்காட்டு வழக்கில் செடி ஏலம். செடியின் அடியிலிருந்து நீண்டு நிலத்தோடு கிடக்கும் பூங்கொத்து சரம். சரத்தில் காய்ப்பது ஏலக்காய். காயினுள் இருப்பது ஏலரிசி. பறித்த காயை உலர்த்தும் இடத்திற்கு ஸ்டோர் என்ற ஆங்கிலச் சொல்லே வழக்கு. இவற்றுள் விதைக்குரிய பெயர் நூலில் செடிக்கே தலைப்பாயிற்று. பின்னர் அதுவே பேரினத்தின் பெயராயிற்று. சினைப்பெயர் முதலுக்கு ஆகிவந்தமையின் இது சினையாகுபெயர். வெற்றிலை நட்டான் என்புழி இலையின் பெயர் கொடிக்கு ஆயினாற்போல ஏலத்தரி என்னும் விதைப்பெயர் செடிக்கு ஆயிற்று. நம் இலக்கணம் சொல்லித்தரும் ஆகுபெயர்க்கு இதனினும் பரந்து வழங்கும் எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இனிக் கார்டமோமம் என்னும் சிற்றினப் பெயரை நோக்குதல் வேண்டும். இது கிரேக்கத்தின் கார்டமோமோன் என்பது. காரச் சுவையுடைய ஒரு கீரையைக் குறிக்கும் கார்டமோன் என்ற சொல்லும், ஒரு நறுமணப் பொருளைக் குறிக்கும் அமோமோன் என்ற சொல்லும் இணைந்து, இடையில் ஒத்த ஒலி கெட்டு அமைந்ததாகக் கூறுவர். கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியையொட்டி எழுதிய தாவர நூலில் இவ்விரு நறுமணப் பொருள்களையும் சேர்த்துக் குறித்து, அவை மீதியா நாட்டிலிருந்து வருவன என்பாரும் இந்தியாவிலிருந்து வருவன என்பாரும் உளர் என்கிறார். செடியைக் காணாதவர் கைக்கு வந்த சரக்கைத் தம் ஊர்க் கீரையோடு ஒப்பிட்டு வைத்த பெயர் அது. அப்பழம்பெயர் இன்று நாம் ஏலம் என வழங்குவதையே குறித்தது என அறுதியிட்டுக் கூறுதற்கில்லை. வாணிகத்தில் பெயர் ஒன்றாகவும் சரக்கு வேறாகவும் இருத்தல் எக்காலத்தும் உள்ளதே.

லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவரச் சிற்றினங்கள் என்னும் பெருநூலில் ஏலத்திற்கு அமோமம் கார்டமோமம் எனப் பெயரிட்டார். இப்பெயரில் அமோமம் தனித்தும் ஒருமுறை வருகிறது. கார்டமோமத்தினுள் அடங்கியும் ஒருமுறை வருகிறது. நம்மவர் இதனைக் கூறியது கூறல் என்னும் குற்றத்துள் அடக்குவர். வான் ரீட்டின் நூலை நன்கறிந்து பயன்படுத்திய லின்னேயஸ் எலெட்டாரி என்ற பெயரை ஏற்காமைக்குக் காரணம் அவர் வகுத்த விதியிலேயே உள்ளது. கிரேக்கத்திலோ இலத்தீனிலோ வேர் கொள்ளாத பேரினப் பெயர்கள் தள்ளத்தக்கன என்று 1736இல் வெளிவந்த தம் நூலில் வகுத்து, 1751இல் மீண்டும் அதனை வலியுறுத்தினார். செடி எங்குத் தோன்றியது என்பது பற்றி அவ்விதிக்குக் கவலையில்லை. பெயர் எங்குத் தோன்றியது என்பதே அதன் கேள்வி. தாவரவியலைப் பெருங்குழப்பத்தினின்று மீட்ட அம்மேதையின் விதிகளுள் இது ஒன்று மட்டும் அறிவியல் நோக்கினும் மொழிச் செருக்கையே மிகுதியாக உடையது எனல் பிழையாகாது. அவர் விதி அவராலேயே முழுதும் காக்கப்படவில்லை என்பதற்கு அரேக்கா என்னும் பாக்குமரத்தின் பெயரும், மாஞ்செடிக்குரிய மேஞ்சிபெரா என்னும் பெயரும் சான்று. பின்னதில் மாங்கா என்னும் நம் சொல்லோடு ஏந்துவது என்னும் பொருளுடைய இலத்தீன் ஈறு ஒட்டி நிற்கிறது.

ஏலத்தின் பெயர் 1811இல் மாறியது. பம்பாய் மாகாண மருத்துவப் பணியில் இருந்த டேவிட் ஒயிட் மலபார் ஏலத்தைப் பற்றி எழுதியனுப்பிய விரிவான கட்டுரை இலண்டன் லின்னேயஸ் கழகத்தின் பத்தாம் தொகுதியில் வெளியிடப்பெற்றது. அதனோடு சேர்த்துத் தம் குறிப்புகளை எழுதிய வில்லியம் ஜார்ஜ் மேட்டன், ஏலம் அமோமப் பேரினத்தில் அடங்காது எனக் கண்டு தனிப் பேரினம் அமைத்து, வான் ரீட்டின் எலெட்டாரியை எடுத்து எலெட்டாரியா என்றார். லின்னேயஸ் பெயரால் அமைந்த கழகத்தின் ஏட்டிலேயே அவர் விதி நெகிழ்ந்தது. பெயரின் இரண்டாம் சொல் பழைய உரிமை பற்றி அப்படியே நின்றது.

இங்ஙனம் அமைந்த முழுப்பெயரில் இலத்தீனின் பங்கு யாது? முதற்சொல்லின் ஈற்றிலுள்ள அகர ஒலி ஒன்று. இரண்டாம் சொல்லின் ஈற்றிலுள்ள உம் ஒன்று. எஞ்சியவை ஏலமலையினின்றும் கிரேக்கத்தினின்றும் வந்தவை. அவ்விரு சொல்லும் தம்முள் இயைந்துள்ள முறையும் கருதத்தக்கது. இலத்தீன் இலக்கணப்படி எலெட்டாரியா பெண்பால், கார்டமோமம் அலிப்பால். இரண்டாம் சொல் பெயரடையாக இருப்பின் முதற்சொல்லின் பாலைக் கொள்ளுதல் வேண்டும். கொள்ளாமைக்குக் காரணம், அது பெயரடையாக நில்லாது பெயராகவே ஒட்டி நிற்பது. தமிழில் இருபெயரொட்டு எனப்படும் தொடரமைப்பு இதுவே. சாரைப்பாம்பு என்பதைப் போல ஏலத்தரியாகிய கார்டமோமம். இவ்விளக்கத்தைத் தமிழ்வழிப் பயிலும் தாவரவியல் மாணவர்க்குக் கூறின் இலத்தீன் இலக்கணத்தின் ஒரு பகுதி தானே விளங்கும்.

பன்னாட்டுத் தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பின் ஐந்தாம் நெறி, அறிவியற் பெயர்கள் எம்மொழியினின்று பிறந்தவையாயினும் இலத்தீனாகவே கொள்ளப்படும் என்கிறது. இலத்தீன் என்பது பிறப்பைச் சுட்டாமல் தகுதியைச் சுட்டும் சொல்லாகிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. 2012 முதல் புதுச்சிற்றினங்களுக்கான விளக்கவுரையை இலத்தீனிலேயே எழுதவேண்டும் என்ற கட்டாயமும் நீங்கியது, ஆங்கிலத்திலும் எழுதலாம். பெயர் மட்டும் இலத்தீன் வடிவில் நிற்கிறது. எனவே எலெட்டாரியா இலத்தீன் என்பாரும் பிழை கூறவில்லை. ஏலத்தரி என்பாரும் பிழை கூறவில்லை. முன்னவர் அதன் நடையைக் கூறுகின்றனர். பின்னவர் அதன் குடியைக் கூறுகின்றனர். கலைச்சொல் வாதங்களில் இவ்விரண்டும் பிரித்துணரப்படாமையே பெருங்குழப்பத்துக்கு வித்து.

இனித் தமிழெழுத்தில் இப்பெயரை எழுதும் முறை. எலெட்டேரியா கார்டமோமம் என்றெழுதுதல் பெருவழக்கு. ஈற்றயலில் டா, டே என மாறுபாடும் உண்டு. இவ்வடிவம் ஆங்கிலேயர் வாய்வழி வந்தது. ஏகாரம் எகரமாகக் குறுகுவது ஒரு திரிபு. தகரம் டகரமாவது மற்றொன்று. உரோமன் எழுத்து தகர டகர வேறுபாட்டை அறியாது, தமிழெழுத்து அறியும். அறிந்த எழுத்தில், அறியாத எழுத்தின் குறையை வலிந்து ஏற்றி எழுதுவானேன்? பீர்மேட்டுத் தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் ஒரு பிள்ளை, தாய் நாள்தோறும் போய்வரும் ஏலக்காட்டின் பெயரை எலெட்டேரியாவில் காண வழியில்லை. ஏலத்தரியா என்று எழுதின் பெயர் மாறுவதில்லை. உரோமன் எழுத்தில் ஓரெழுத்தும் பிறழ்வதில்லை. கேட்ட அளவில் செடி நினைவுக்கு வரும்.

இதற்கு எழக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. அறிவியற் பெயர் உலகப் பொதுமையது. அவ்வம்மொழியார் தத்தம் விருப்பிற்கேற்ப எழுதத் தொடங்கின் பொதுமை குலையும் என்பர். பொதுமை உரோமன் வடிவில் உள்ளது. அதனைத் தொடுவார் எவருமிலர். தமிழ் வடிவம் இன்றும் ஒன்றாக இல்லை என்பது மேலே காட்டப்பெற்றது. ஒருப்பாடு இல்லாத இடத்தில் மூலத்தோடு ஒத்த வடிவைத் தேர்வதால் இழப்பு யாதும் இல்லை.

வலுவான மறுப்பு வேறொன்று. ஒலியொப்புமை ஒன்றே கொண்டு எல்லா அயற்பெயர்க்கும் தமிழ்வேர் காணும் ஆர்வத்திற்கு இது கதவு திறந்துவிடாதா என்பது. இவ்வச்சம் பொருளற்றதன்று. ஏலம் என்ற சொல்லே இதற்கு எச்சரிக்கையாக அமையும். போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் ஏலக்காய் ஏலத்தில் விற்பனையாகிறது. ஒலி ஒன்றாயினும் முன்னது மலைச்செடி. பின்னது போர்ச்சுகீசியரின் லெய்லாவ் என்னும் சொல் தமிழில் திரிந்தது. மலையாளம் அதனை லேலம் என வழங்குதலின் இரண்டும் அங்கு மயங்குவதில்லை. தமிழில் முதலெழுத்துக் கெட்டமையின் மயங்கின. ஏலக்காய் விற்பதால் அவ்விற்பனைக்கு ஏலம் எனப் பெயர் வந்தது என்பார் கூற்று செவிக்கு இனிது, வரலாற்றுக்கு ஒவ்வாதது. ஏலாதி என்னும் கீழ்க்கணக்கு நூற்பெயரில் உள்ளது மலைச்செடி. ஏலம் முதலாய ஆறு பொருள்கள் ஒன்று முதல் ஆறு பங்கு வரை ஏறிச் செல்லும் சூரணத்தின் பெயர் அது. ஆதலின் ஒலியொப்புமைக்கு மேல் எழுத்துச் சான்று வேண்டும். ஏலத்தரிக்கு 1692ஆம் ஆண்டு அச்சு நூலும் 1811ஆம் ஆண்டு ஏடும் சான்றாக உள்ளன.

ஏலப் பேரினத்தின் எல்லை அண்மையில் மீண்டும் வரையறுக்கப்பெற்றது. ஏலத்தின் நெருங்கிய உறவினங்கள் ஆறு உள என்று பன்னாட்டு ஆய்வாளர் குழுவொன்று 2024இல் அறிவித்தது. அவற்றுள் இரண்டு அறிவியலுக்குப் புதியவை. ஏனைய, முன்னரே பெயர் பெற்று இப்பேரினத்துள் சேர்க்கப்பெற்றவை. சேர்க்கப்பெற்றவற்றுள் ஒன்றன் சிற்றினப் பெயர் என்சால். அது ஏலத்தைக் குறிக்கும் சிங்களச் சொல். ஆக, எலெட்டாரியா என்சால் என்னும் பெயரில் மேற்குமலையின் வழக்கும் இலங்கையின் வழக்கும் இலத்தீன் என்ற பெயரோடு கைகோத்து நிற்கின்றன. புதியவற்றுள் ஒன்று பீர்மேடு வட்டத்தோடு எல்லை கலந்த பெரியாறு புலிகள் காப்பகத்தினின்று விளக்கப்பெற்ற எலெட்டாரியா பாசிபெரா. இலத்தீனில் பாக்ஸ் என்பது தீவட்டி. பெரா என்பது மேஞ்சிபெராவில் கண்ட ஈறே. தீவட்டி ஏந்துவது என்பது பொருள். இது பெயரடையாதலின் எலெட்டாரியாவுக்கேற்பப் பெண்பால் ஈறு பெற்றது. உருவம் நோக்கி வைத்த நல்ல பெயர். எனினும் அப்பெயரில் இலத்தீன் அகராதி உள்ளது, மலையகராதி இல்லை. பதினேழாம் நூற்றாண்டு நூல் பெயர் சொன்னவரின் பெயரையும் சான்றையும் அச்சிட்டது. மன்னான், பளியர் முதலிய குடியினர் வாழும் காட்டினின்று ஒரு செடி நூலேறும்போது, அவர்கள் அதனை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதைப் பெயராக ஆளாவிடினும் விளக்கவுரையின் ஒரு வரியிலேனும் பதிதல் தகும்.

ஏலத்தரியா என்னும் வடிவுக்கு உரிய நியாயம் பிற பெயர்கட்கும் அப்படியே பொருந்தும் எனக் கருதுதல் கூடாது. முருங்கையின் பேரினப் பெயராகிய மொரிங்காவில் நம் சொல் வெளிப்படையாகவே தெரிதலின் அதனைத் திருத்த வேண்டுவதில்லை. மிளகரணையின் பேரினப் பெயராகிய தொட்டாலியா, ஹோர்த்துஸ் மலபாரிக்குஸின் காக்கத்தொடலி என்பதினின்று வந்தது. தொடலியா என எழுதின் மூலம் விளங்கும், உரோமன் வடிவமும் இடந்தரும். அரேக்காவோ வேறு நிலையது. அடைக்காய் என்பது போர்ச்சுகீசியர் வாயில் திரிந்து, உரோமன் எழுத்தில் டகரம் ரகரமாகி, காய் என்பது கா எனக் குறுகி நிற்கிறது. அதனை அடைக்காயா என்று மீட்க முயல்வது உரோமன் வடிவுக்கு முரணாகும், படிப்போர்க்கும் நகைப்பாகும். அதனை அரேக்கா என்றே எழுதி, அடைக்காய் என்பதை அடிக்குறிப்பில் தருதல் போதும்.